ஒரு பிள்ளையையும் விடாத வேன்

எங்க கோணக்குளத்துப் பள்ளிக்கூட வேனுக்கு மூணு பேர் பொறுப்பு. மூணு பேருக்கும் சேர்த்துக் கடவுள் ஒரு மூளை கொடுத்திருப்பார்போல. அதை யார் வச்சிருக்கிறதுன்னு பேசி முடிவாகாம, பத்திரமா வீட்டுலயே வச்சிட்டு வேலைக்கு வந்துடுவாங்க.

ஓட்டுறவர் தங்கப்பழம் அண்ணாச்சி. மீசையைப் பார்த்தா விமானமே ஓட்டுவார்னு தோணும். கதவைத் திறந்து மூடுறவன் இசக்கி, அவருக்கு மச்சான். அந்த வேலைக்கு அது ஒண்ணுதான் தகுதி. பிள்ளைகளை ஏத்தி இறக்க ஆயாம்மா கோமு அக்கா. மூணு பேருமே நல்லவங்க. குடிக்க மாட்டாங்க, பொய் சொல்ல மாட்டாங்க, பெரியவங்க சொன்ன சொல்லை ஒரு எழுத்துக்கூடத் தட்ட மாட்டாங்க. அந்தக் கடைசிக் குணம்தான் ஊரைப் பாடாப்படுத்திச்சு.

பள்ளிக்கூடத்துத் தாளாளர் ஐயாவும் லேசுப்பட்டவர் இல்லை. ஆண்டு விழாவில் மைக்கைப் பிடிச்சு, "நம்ம வேன்ல பிள்ளைய ஏத்திட்டீங்கன்னா, அதுக்கப்புறம் நீங்க அந்தப் பிள்ளைய மறந்துடலாம்" என்று சொன்னவர். நாங்க எல்லாரும் கை தட்டினோம். எங்க புத்தி அம்புட்டுத்தான்.

ஒரு நாள் அண்ணாச்சி வண்டியைப் பின்னால எடுக்கும்போது டீக்கடைப் பெஞ்சு ஒடிஞ்சுபோச்சு. நல்ல வேளை, பெஞ்சுல வடைத் தட்டு மட்டும்தான் உக்காந்திருந்தது. தாளாளர் கூப்பிட்டு வச்சுத் திட்டினார். "இனிமே பின்னால பாக்காம வண்டிய எடுக்கவே கூடாது, கேட்டுதா?"

கேட்டுது. மறுநாள் காலையில் அண்ணாச்சி கழுத்தைத் திருப்பி, பின் கண்ணாடியைப் பார்த்துக்கிட்டே வண்டியை முன்னால ஓட்டிட்டு வந்தார்.

"அண்ணாச்சி, வண்டி முன்னாலல்லா போவுது? ஏன் பின்னால பாக்கீய?" என்று கோமு அக்கா கேட்டாள்.

"பின்னால பாக்காம எடுக்கக்கூடாதுன்னு உத்தரவு."

"அப்ப முன்னால யாரு பாப்பா?"

"அதப்பத்தி ஐயா ஒண்ணும் சொல்லல. நாமளா எதையும் செஞ்சிரக்கூடாது."

அதனால முன்னால பார்த்துச் சொல்லுற வேலை இசக்கிக்கு வந்தது.

"அண்ணாச்சி, முன்னால மாடு நிக்கு!"

"என்ன மாடு?"

"செவலை."

"கறவையா?"

"இங்கன இருந்து தெரியல. கிட்டப் போனாத்தான் தெரியும்."

கிட்டப் போனாங்க. மாடு ஒருதரம் பார்த்துட்டு அதுவா விலகிக்கிட்டது. அன்னைக்கு அந்த ரோட்டுல புத்தியோட நடந்துகிட்டது அது ஒண்ணுதான்.

இதைக் கேள்விப்பட்ட தாளாளர், "முன்னாலயும் பாருமய்யா!" என்று கத்தினார். அதுக்குப் பிறகு அண்ணாச்சி முன்னால ஒருதரம், பின்னால ஒருதரம்னு தலையை ஆட்டிக்கிட்டே ஓட்டினார். ரோட்டுல போறவங்க, தங்களுக்குத்தான் வணக்கம் வைக்கிறார்னு நினைச்சுத் திரும்ப வணக்கம் வச்சாங்க.

அடுத்து, "கதவச் சாத்தாம வண்டி நகரக்கூடாது" என்று ஒரு உத்தரவு வந்தது. இசக்கி கீழே இறங்கினான். வெளியே நின்னு கதவை இறுக்கிச் சாத்தினான். ஒருதரம் இழுத்துப் பார்த்தான். "ரைட்!" என்றான். வண்டி போயிட்டது. அவன் பின்னாலேயே ஓடினான். அடுத்த நிறுத்தத்துல போய்க் கதவைத் திறக்கணுமே. அன்னையிலருந்து எங்க ஊர் வேன் எங்கே போனாலும் இசக்கி பக்கத்துல ஓடிக்கிட்டே போவான். உள்ளே இருந்து சாத்தினாலும் கதவு சாத்திக்கும்னு அவனுக்கு யாரும் சொல்லலை. எங்களுக்கும், பாவம் ஓட்டப்பந்தயத்துக்குப் பழகுறான்னு ஒரு எண்ணம்.

இதுவரைக்கும் சிரிச்சுக்கிட்டோம். ஒரு சாயங்காலம் கோமு அக்கா பரமசிவம் அண்ணன் மகன் கவினை வீட்டுக்கு எதிர்ப் பக்கமே இறக்கி விட்டுட்டாள். அஞ்சு வயசுப் பிள்ளை தனியா மெயின் ரோட்டைத் தாண்டினான். லாரிக்காரன் பிரேக்கைப் பிடிச்ச சத்தம் எங்க தெரு வரைக்கும் கேட்டது. பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலை. லாரிக்காரன்தான் இறங்கி நடுரோட்டுல உக்காந்து அழுதான்.

தாளாளர் மறுபடியும் கத்தினார். "பிள்ளைய பெத்தவங்க கையிலதான் கொடுக்கணும்! வேற யாரு கையிலயும் கொடுக்கக்கூடாது!"

மறுநாள் வேன் வீட்டு வாசல்லயே வந்து நின்னது. பரமசிவம் அண்ணன் கையை நீட்டிக்கிட்டு வந்தார். கோமு அக்கா கவினை இழுத்துப் பின்னால மறைச்சுக்கிட்டாள்.

"அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதீய. இந்தப் பிள்ளைய நீங்க பெத்தீயளா?"

பரமசிவம் அண்ணன் முழிச்சார். "என்னம்மா கேள்வி இது? நான் அவன் அப்பன்!"

"அப்பன்தான். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. பெத்தது யாரு?"

"பெத்தது... அவங்க அம்மா."

"அப்ப அவுகளக் கூப்பிடுங்க."

"அவ பிரசவத்துக்கு அவ அம்மா வீட்டுக்குப் போயிருக்கா. பாளையங்கோட்டைல இருக்கா."

மூணு பேரும் கூடிப் பேசினாங்க. பாளையங்கோட்டைக்கே போய்க் கொடுத்துடலாம்னு அண்ணாச்சி சொன்னார். இசக்கிதான் யோசிச்சான். பாளையங்கோட்டை வரைக்கும் அவன் ஓடணுமே.

"அவுக அங்க இன்னொரு பிள்ளைய கையில வச்சிருந்தாகன்னா? ரெண்டையும் தாங்குமா?" என்றான்.

"கையில கொடுக்கணும்னுதான் உத்தரவு. தாங்கணும்னு உத்தரவு இல்ல" என்றார் அண்ணாச்சி.

கடைசியில் பரமசிவம் அண்ணன் பெண்டாட்டிக்குப் போனைப் போட்டு ஸ்பீக்கர்ல விட்டார். அந்தப் பொண்ணு அங்கேயிருந்து, "யக்கா, அவுக கையில கொடுங்க. அவுக கை வேற என் கை வேறயா?" என்று சொன்னாள்.

கோமு அக்கா பரமசிவம் அண்ணன் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "பொம்பள கைக்கு முடி சாஸ்திதான்" என்றாள். "சரி, அவுகளே அவுக கைன்னு சொல்லும்போது நமக்கென்ன?" பிள்ளையைக் கொடுத்துட்டாள்.

அதுக்குப் பிறகு நடந்ததுக்குத்தான் யாரும் சிரிக்கலை. முப்பிடாதி அக்கா மகன் அபினேஷ் வேன்ல கடைசி சீட்டுல தூங்கிப்போனான். அவங்க வீட்டு வாசல்ல வேன் நின்னுச்சு, பிள்ளை இறங்கலை. அந்த அக்கா வெளியே வரதுக்குள்ள, அன்னைக்கு லீவு போட்டிருப்பான்னு இவங்களே முடிவு பண்ணி, வண்டியை ஷெட்டுல விட்டுப் பூட்டிட்டுப் போயிட்டாங்க. அந்த அக்கா பள்ளிக்கூடத்துக்கு ஓடி, டீச்சர் வீட்டுக்கு ஓடி, கடைசியில் ஷெட்டுக்கு ஓடிப் பார்த்தா, பிள்ளை ஜன்னல் கண்ணாடியை ரெண்டு கையாலயும் அடிச்சுக்கிட்டு நிக்கான். சத்தம் வெளியே வரலை, வாய் மட்டும் அசையுது. சட்டை வேர்வையில நனைஞ்சு பிழியுற மாதிரி இருந்தது.

பள்ளிக்கூடத்துல கூட்டம் போட்டாங்க. ஆம்பளைங்க எல்லாம் எழுந்து எழுந்து சத்தம் போட்டாங்க. எனக்குச் சபையில பேச வராது. பூட்டுறதுக்கு முன்னால ஒருதரம் கடைசி சீட்டு வரைக்கும் நடந்து பார்த்தா என்னன்னு பக்கத்துல இருந்தவங்ககிட்ட மெதுவாச் சொன்னேன். "சும்மா இரு, டீ வருது" என்றாங்க. டீயும் வந்தது. அதோட ஆம்பளைங்க சத்தமும் அடங்கிப்போச்சு.

தாளாளர் டம்ளரை வச்சுட்டு மேசையைத் தட்டினார். "தங்கப்பழம்! இன்னையிலருந்து ஒரு பிள்ளையையும் விடக்கூடாது! ஒரு பிள்ளையைக்கூட! விட்டீரோ, உமக்கு வேலை கிடையாது!"

எல்லாருக்கும் புரிஞ்சது. புரிய வேண்டிய மூணு பேரும் வேனுக்குப் பின்னால போய் நின்னாங்க.

"ஒரு பிள்ளையையும் விடக்கூடாதாம்."

"எங்க விடக்கூடாதாம்?"

"எங்கயும்தான்."

"வீட்டுலயுமா அண்ணாச்சி?"

"வீட்டுல விட்டாலும் விட்டது விட்டதுதானவே?"

கோமு அக்கா நெஞ்சுல கை வச்சாள். "ஏ ஆத்தாடி! நாம தினமும் எல்லாப் பிள்ளையையும் வீட்டுலல்லா விட்டுக்கிட்டு வந்திருக்கோம்! ஐயாவுக்குத் தெரிஞ்சா என்னாவும்?"

"தெரிஞ்சிட்டு. அதான் அம்புட்டுக் கோவம்."

"அப்ப பெத்தவங்க கையில கொடுக்கணும்னு முன்ன சொன்னாரே?"

"புது உத்தரவு வந்துட்டா பழசு செல்லாது."

"அப்ப நான் ஓட வேண்டாமா?" இசக்கி ஆசையாக் கேட்டான்.

"அது கதவு உத்தரவு. இது பிள்ளை உத்தரவு. ரெண்டையும் போட்டுக் குழப்பாத."

அன்னைக்குச் சாயங்காலம் நான் வழக்கம்போல வாசல்ல நின்னேன். என் மகள் சஷ்மிதா யூகேஜி படிக்கிறாள். வேன் வந்து நின்னது. கோமு அக்கா பிள்ளையை ஜன்னல்ல தூக்கிக் காட்டினாள், கல்யாண வீட்டுல சீர் காட்டுற மாதிரி.

"பாத்துக்கிடுங்க தங்கச்சி, உங்க பிள்ளைதான? நல்லா இருக்கா."

நான் கையை நீட்டினேன். "ரைட்!" என்றான் இசக்கி. வேன் போயிட்டது. பிள்ளை உள்ளேயிருந்து டாட்டா காட்டுறாள்.

சீலையை இடுப்புல செருகிக்கிட்டு ஓடினேன். அடுத்த வீட்டுலயும் அதே கதை. அந்தம்மாவும் ஓடி வந்தாங்க. தெரு திரும்புறதுக்குள்ள ஊருல பாதிப் பொம்பளைங்க வேனுக்குப் பின்னால ஓடுறோம். பரமசிவம் அண்ணனும் அவர் பெண்டாட்டி கைகளை வீசிக்கிட்டு ஓடி வாறார். நல்ல வேளை, கூட ஓட இசக்கி இருந்தான். அவனுக்குத்தான் பழக்கமாச்சே, மூச்சு வாங்காம பதில் சொன்னான்.

"ஏம்ணே... பிள்ளைய... விடல?"

"விடக்கூடாதுன்னு உத்தரவு தங்கச்சி."

"எப்பதான் விடுவீய?"

"விடவே மாட்டோம். நீங்க தைரியமா வீட்டுக்குப் போங்க."

ஊரைச் சுத்தி எல்லா வீட்டுலயும் எல்லாப் பிள்ளையையும் காட்டிட்டு வேன் ஷெட்டுல போய் நின்னது. நாங்க சுத்தி வளைச்சுக்கிட்டோம். இசக்கி கதவுல சாஞ்சு நின்னுக்கிட்டான். முப்பிடாதி அக்காதான் முன்னால போனாங்க.

"ஏ தங்கப்பழம், ஒமக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? பிள்ளைய இறக்கி விடும்!"

"யக்கா, உங்க பிள்ளையாலதான் இந்த உத்தரவே வந்தது. நீங்களே இப்படிக் கேக்கலாமா?"

"ராத்திரி பூரா வேன்லயா கிடக்கும்?"

"அதுல என்ன? காலையில வந்து ஏத்துற வேலை மிச்சம்."

"சோறு?"

"சோத்தப்பத்தி இன்னும் உத்தரவு வரல."

பரமசிவம் அண்ணன் தாளாளருக்குப் போன் போட்டு அண்ணாச்சி கையில கொடுத்தார். இனிமே தீர்ந்ததுன்னு நினைச்சோம்.

"ஐயா, தங்கப்பழம் பேசுதேன். நீங்க சொன்னபடியே, இன்னைக்கு ஒரு பிள்ளையையும் விடல."

"சபாஷ்!" என்று எங்க எல்லாருக்கும் கேக்குற மாதிரிச் சொன்னார் தாளாளர். "அப்படியே இரும்!" போனை வச்சுட்டார். திரும்பப் போட்டா எடுக்கலை. பாராட்டிட்டா அவர் தூங்கப் போயிடுவாராம்.

அண்ணாச்சி எங்களைப் பார்த்தார். மீசை ரெண்டு பக்கமும் ஒரு இஞ்சு ஏறியிருந்தது.

"அம்மா, பசிக்கு" என்று ஜன்னல்ல முகத்தை வச்சுக்கிட்டுச் சஷ்மிதா சொன்னாள். சத்தமாக்கூடச் சொல்லலை. அபினேஷ் அந்தக் கடைசி சீட்டுப் பக்கமே போக மாட்டேன்னு படிக்கட்டுல ஒடுங்கி உக்காந்திருந்தான். சுத்தி நின்னவங்க எல்லாம் சண்டை போடுறாங்க. சண்டை போட்டா இந்த மூணு பேர் இன்னும் கெட்டியா உத்தரவைப் பிடிச்சுக்குவாங்கன்னு எனக்குத் தோணிச்சு. கழுதைகூட அடிச்சா நகரும். இவங்க நகர மாட்டாங்க.

மெதுவா இசக்கிகிட்டப் போனேன். "அண்ணே, கொஞ்சம் கதவத் திறங்க. நான் ஏறணும்."

ஏறக்கூடாதுன்னு உத்தரவு இல்லை. திறந்தான். ஏறி உக்காந்து பிள்ளையை மடியில எடுத்து வச்சுக்கிட்டேன். "அண்ணாச்சி, பிள்ளைய விட வேண்டாம். என்னைய மட்டும் வீட்டுல விட்டிருங்க" என்றேன். குரல் எனக்கே கேக்கலை. ரெண்டாம் தரம் சொன்னேன்.

மூணு பேரும் கூடினாங்க.

"இவுகள விடலாமா அண்ணாச்சி?"

"பிள்ளையத்தான் விடக்கூடாது. பெரியவங்கள விடலாம்."

"மடியில பிள்ளை இருக்கே?"

"அது அவுக மடி. அவுக இறங்கினா மடியும் கூடத்தான் இறங்கும். மடிய இங்க வச்சிட்டுப் போன்னா சொல்ல முடியும்?"

"அப்ப பிள்ளைய நாம விடலைல்லா?"

"நாம எங்கவே விட்டோம்?"

முப்பிடாதி அக்கா ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாங்க. பிறகு ஏறி, அபினேஷை மடியில போட்டுக்கிட்டு, "என்னையும் வீட்டுல விடும்" என்றாங்க. அதுக்குப் பிறகு ஏறாத ஆள் இல்லை. பரமசிவம் அண்ணனுக்கு மட்டும், ஆம்பளைக்கு மடி உண்டான்னு கோமு அக்காவுக்கு ஒரு சந்தேகம். கையே அவர் பெண்டாட்டி கைதானே, மடியும் அந்தப் பொண்ணு மடியாத்தான் இருக்கும்னு இசக்கி தீர்த்து வச்சான்.

வீடு வீடா எங்களை இறக்கினாங்க. ஒவ்வொரு வாசல்லயும் அண்ணாச்சி, "பெரியவங்க ஒருத்தர் இறங்கியாச்சு" என்று திருப்தியாச் சொல்லிக்கிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் தோசைக் கல்லைப் போட்டேன். சஷ்மிதா மூணாவது தோசையைத் தின்னுக்கிட்டிருந்தாள். விளக்கு வைக்கிற நேரம். வெளியே வேன் ஹாரன் கேட்டது. கல்லுல தோசை கிடந்ததால நான் எழுந்து வரதுக்குள்ள பிள்ளை போய்க் கதவைத் திறந்துட்டாள்.

வாசல்ல மூணு பேரும் நிக்கிறாங்க. அண்ணாச்சி தோள் துண்டைக் கையில எடுத்துக்கிட்டார். கோமு அக்கா கண்ணைத் துடைச்சுக்கிட்டாள்.

"பாப்பா, அம்மாவக் கூப்பிடு" என்றார் அண்ணாச்சி. "உன்னையக் காணோம்."

நான் கரண்டியோட வந்தேன்.

"தங்கச்சி, மனசத் தேத்திக்கிடுங்க. நாங்க ஒரு பிள்ளையைக்கூட விடல. ஐயா மேல சத்தியமா விடல. ஷெட்டுக்குப் போய்ப் பாத்தா, வேன்ல ஒரு பிள்ளையைக்கூடக் காணோம். சீட்டுக்கு அடியில பாத்துட்டோம். இசக்கி இஞ்சினுக்குள்ளயும் பாத்துட்டான்."

நான் சஷ்மிதாவைப் பார்த்தேன். சஷ்மிதா அவங்களைப் பார்த்தாள். வாய்ல தோசை.

"உங்க பிள்ளை கடைசியா என்ன உடுத்திருந்தா?" கோமு அக்கா விக்கிக்கிட்டே கேட்டாள்.

"இந்தா, இந்தச் சட்டைதான்" என்று காட்டினேன்.

கோமு அக்கா சட்டையைத் தொட்டுப் பார்த்தாள். "நல்லதாப் போச்சு. அடையாளம் கிடைச்சிட்டு."

வேனை எட்டிப் பார்த்தேன். ஜன்னலுக்கு ஒண்ணா பிள்ளைங்க தலை. வேன் பக்கத்துல பரமசிவம் அண்ணன் கவினைத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு டார்ச் அடிச்சுக்கிட்டு இருக்கார். "கவினே! ஏலேய் கவினே!" தோள்ல இருந்த கவினும் கையை வாய்ல குவிச்சுக்கிட்டு, "கவினே!" என்று கத்துறான். மத்தப் பிள்ளைங்களும் அவங்கவங்க பேரை அவங்கவங்களே கத்துறாங்க. வாழ்க்கையில அப்படி ஒரு சந்தோஷத்தை அந்தப் பிள்ளைங்க பார்த்திருக்காது. அபினேஷை மட்டும் காணோம். முப்பிடாதி அக்கா கதவே திறந்திருக்க மாட்டாங்க.

"இத்தனை பேரு சேந்து தேடுதோம், ஒரு பிள்ளைகூட அம்புடல" என்றார் அண்ணாச்சி. பிறகு சஷ்மிதா பக்கம் குனிஞ்சார். "நீயும் வந்து கூப்பிடு பாப்பா. உன் பேரு உனக்குத்தான நல்லாத் தெரியும்?"

அவள் ஒரு கால் எடுத்து வச்சுட்டாள். நான் சட்டையைப் பிடிச்சுக்கிட்டேன்.

"தங்கச்சி, பிள்ளைய விடுங்க" என்றார்.

"விடக்கூடாதுன்னுல்லா உத்தரவு?"

அண்ணாச்சி கண்ணை மூடி யோசிச்சார். "சரிதான். நீங்க விடாதீய. நல்லா இறுக்கிப் பிடிச்சிக்கிடுங்க. நாங்க போய் உங்க பிள்ளையத் தேடுதோம்."

ஏறிட்டாங்க. இசக்கி கதவை வெளியே நின்னு சாத்தினான். வேன் கிளம்பும்போது எல்லாப் பிள்ளைங்களும் சேர்ந்து, "சஷ்மிதா! சஷ்மிதா!" என்று கூப்பிட்டாங்க.

சஷ்மிதாவுக்குப் பொறுக்கலை. தோசையை முழுங்கிட்டு, "நான் இங்க இருக்கேன்!" என்று தெருவே அதிரக் கத்தினாள்.

வேன் சடாரென்று நின்னது. கோமு அக்கா தலையை வெளியே நீட்டிக் காதுல கை வச்சுக் கேட்டாள். அவள் முகத்துல அப்படி ஒரு வெளிச்சம்.

"பிள்ளை நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி! எங்கயோ தூரத்துல இருந்து கூப்பிடுது! வெரசா வண்டிய எடுங்க!"